மஞ்சள்தண்ணி தெளித்த ஐம்பது ரவைகள்

ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் உள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்றில், டீப் ஃபிறீசருக்கும் வோஷிங் மெஷினுக்கும் நடுவில் கிடக்கும் பழைய சாப்பாட்டு மேசையில், நான் துவக்கு ரவை, அதாவது துப்பாக்கித் தோட்டா, செய்கிறேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. சட்டப்படி செய்யலாம், செய்கிறவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். ஆனால் நான் செய்வதில்தான் ஒரு கேவலம் இருக்கிறது. சண்டை நடந்த எங்கள் ஊரில் துவக்குச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் முதல், கட்டிலுக்குக் கீழே போய்ச் சேருகிறவன் நான். துவக்குக்குப் பயந்துதான் வந்தேன் என்று அகதி விண்ணப்பத்தில் நாலு பக்கம் அழுது எழுதினவனும் நான்தான். அதை நம்பி உள்ளே விட்ட நாட்டிலேயே வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசன்ஸ் எடுத்து, ஒரு கைத்துவக்கு வாங்கி, இரண்டு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். மனுசன் கொஞ்சம் வசதி வந்தால் எப்படியெல்லாம் விசர் ஆடுவான் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

இதற்குள் என்னை இழுத்துவிட்டது மச்சான். என் மனைவியின் தம்பி. அவன் மிருதங்க ஆசிரியன். சனி ஞாயிறில் ரொறன்ரோவில் அரங்கேற்றம் நடக்காத மண்டபம் இல்லை. அந்த மேடைகளில் பாதியில் பட்டு வேட்டியும் விபூதியுமாக அவன்தான் உட்கார்ந்திருப்பான். அவன் குடும்பம் சாப்பிடுவது அவனுடைய பத்து விரலால். அந்தப் பத்து விரலையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், மார்க்கம் நகரத்தில் தன்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பன் துவக்குச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, தானும் போகவேண்டும் என்று நின்றான். தனியாகப் போக வெட்கம். அதனால் அத்தானையும், என்னைத்தான், கூட்டிக்கொண்டு போனான். அத்தானுக்கும் வீட்டில் புல் வெட்டுவதைத் தவிர வேறு வீரம் காட்ட இடமில்லாமல் இருந்தது.

நாங்கள் ஆளுக்கொரு கைத்துவக்கு வாங்கிக் கொஞ்சக் காலத்தில், இனிமேல் கைத்துவக்கு வாங்கவும் விற்கவும் கூடாது என்று சட்டம் வந்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வைத்திருக்கலாம். அன்றிலிருந்து மச்சான் தன்னுடைய துவக்கைப் பரம்பரைச் சொத்து மாதிரிப் பார்க்கத் தொடங்கினான். கடைகளில் ரவை சில மாதம் இருந்தது, சில மாதம் இல்லை. சுட்ட ரவைகளின் வெற்றுப் பித்தளைக் கோதுகளை நிலத்தில் பொறுக்கிக் கொண்டுபோய், வீட்டிலேயே திரும்ப நிரப்பலாம் என்று ரேஞ்சில் யாரோ சொன்னார்கள். மச்சான் அன்றிரவே தொப்புள் வரை தாடி வைத்த ஒரு அமெரிக்கனின் வீடியோக்களைப் பார்த்து ஞானம் பெற்றுவிட்டான்.

என் மனைவி இதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் மூன்று பேர். இப்போது மிச்சம் இந்தத் தம்பி ஒருவன்தான். மற்ற இரண்டு பேர் எப்படிப் போனார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் ஆட்களுக்கு அது எழுதாமலே விளங்கும். அவள் பேஸ்மென்ற் படியில் நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் என்ன கோதாரியையாவது செய்யுங்கோ. ஆனா அவன்ரை விரலிலை ஒரு கீறல் விழுந்துதெண்டா, பிறகு நான் உங்களோடை ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்."

அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை. ஒருமுறை தன் பெரியம்மாவோடு கதைக்கமாட்டேன் என்றவள், ஒன்பது வருசம் கதைக்கவில்லை. ஆகவே ரவை செய்யும் வேலை முழுவதும் என்னுடையது, மச்சான் அந்த மேசைப் பக்கமே கை நீட்டக்கூடாது என்று முடிவானது. அவனுக்குக் கோது பொறுக்குவதும் கழுவுவதும் மட்டும். எனக்கு இதில் பெருமைதான். நான் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். தலைமயிர் அளவு பிழைத்தாலும் முழு லைனையும் நிற்பாட்டுகிறவன். எனக்குப் பிழை பிடிக்கத் தெரியும் என்று ஊருக்கே சொல்லி வைத்திருந்தேன். மற்றவன் விடும் பிழை.

தொடக்கம் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது. மேசையில் பூட்டிய ஒரு கைப்பிடி இயந்திரம். அதற்கு பிரெஸ் என்று பேர். கோதை அதில் வைத்துக் கைப்பிடியை இழுத்தால், பழைய பிறைமர் கீழே கழன்று விழும். கோதும் நசிந்து தன் பழைய அளவுக்கு வரும். பிறகு புதுப் பிறைமர். அது பயறு அளவில் இருக்கும். அதில்தான் முதல் பொறி. பிறகு தராசில் நிறுத்து வெடிமருந்து. கடைசியில், பறந்து போகும் ஈயத் துண்டான சன்னத்தைக் கோதின் வாயில் வைத்து அழுத்தி மூடினால் ஒரு ரவை. கோதுகளை நிறுத்தி வைக்கும் பலகையில் ஐந்து வரிசை, வரிசைக்குப் பத்து ஓட்டை. ஒரு ரவை செய்து முடித்தபோது, ஏதோ பிள்ளை பெற்ற மாதிரி மேலே கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன். அவள் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் வைக்கவேண்டாம், கறிக்குள் விழும் என்றாள்.

தரம் பார்க்கிறவன் இல்லையா, சட்டதிட்டம் எழுதாமல் இருப்பேனா? ஒரு தாளில் எழுதி, வேலையிடத்தில் லமினேற் பண்ணிக்கொண்டு வந்து சுவரில் தொங்கவிட்டேன். ரெலிபோன் கூடாது. கதை கூடாது. மருந்து போட்டு முடிந்ததும் ரோர்ச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் பார்க்கவேண்டும். மருந்து போடுவதைப் பாதியில் நிறுத்தினால், போட்டதெல்லாவற்றையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்கவேண்டும். அதற்குக் கீழே சிவப்புக் கோடு இரண்டு வேறு. வீட்டுக்கு வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தாளை வாசிக்க வைப்பேன். அஜக்ஸ் நகரிலிருந்து வந்த ஒரு அங்கிள் பாவம், மூக்குக்கண்ணாடி இல்லாமல் முழுவதையும் வாசித்தார்.

அந்த வருசம் ஆயுத பூசை வெள்ளிக்கிழமை வந்தது. எங்கள் வீட்டில் அது பெரிய எடுப்பு. கார்த் திறப்புக்கொத்து, கொம்பியூட்டர், பிள்ளைகளின் புத்தகம், மனைவியின் தையல் மெஷின், மச்சானின் மிருதங்கம், எல்லாம் சாமிக்கு முன்னால் வரும். வைத்தால் பிறகு தொடக்கூடாது. அடுத்த நாள் விசயதசமி காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் எடுக்கலாம். குளிர் முந்தி வந்து பனி கொட்டிய வருசம் ஒன்றில் பனி அள்ளும் சவளையும் வைத்துவிட்டு, இரவு முழுக்கக் கார் பாதை மூடிக்கிடந்த வீடு எங்களுடையது.

அன்று பின்னேரம் நான் கீழே மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை ரேஞ்சுக்குப் போகிற திட்டம். மூன்றாவது வரிசையின் நடுவில், ஒரு கோதைக் கையில் எடுத்து மருந்து போடப் போகும்போது, மனைவி தட்டோடும் செம்போடும் படியில் இறங்கி வந்தாள். பின்னால் மச்சான் மணி அடித்துக்கொண்டு. உந்த பிரெஸ்ஸும் ஆயுதம்தானே, பாரமானதால் மேலே கொண்டுபோக ஏலாது, சாமியைக் கீழே கொண்டு வந்திருக்கிறோம் என்றான் மச்சான். எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. கையில் இருந்த வெறுங்கோதையும், மருந்து போட்டு மேசையில் வைத்திருந்த முன்னையதையும் பலகையில் கிடைத்த ஓட்டைகளில் வைத்துவிட்டு எழும்பிக் கைகூப்பினேன்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். பிரெஸ்ஸுக்குச் சந்தனம், குங்குமம். தராசுக்கு ஒன்று. புனலுக்கு ஒன்று. ரோர்ச்சின் கண்ணாடியில், சரி நடுவில், பெரிய பொட்டாக ஒன்று. என் லமினேற் தாளுக்கும் ஒன்று. அது சிவப்புக் கோட்டுக்கு மேலேயே விழுந்தது. பிறகு வெற்றிலையால் மஞ்சள்தண்ணியைத் தோய்த்து எல்லாவற்றுக்கும் தெளித்தாள். பலகைக்கும் நாலு துளி விழுந்திருக்கும்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கவேண்டும், பொறும், போட்ட மருந்தைக் கொட்டிவிட்டு வாறன் என்று. ஆனால் சாமிக்கு வைத்ததைத் தொடக்கூடாதே. அத்தோடு, கொட்டினால் முழு வேலையும் வீண். எது பக்தி, எது சோம்பேறிப் பஞ்சி என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மேலே போய் அவலும் கடலையும் சாப்பிட்டேன்.

விடிய எழும்பிக் குளித்து, கும்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். கையில் வைத்திருந்த கோது எது என்று ஒரு கணம் யோசித்தேன். இதுதான் என்று ஒன்றை எடுத்து மருந்து போட்டேன். அதற்குப் பிறகு உள்ள எல்லாவற்றுக்கும் போட்டேன். ரோர்ச் அடித்துப் பார்க்க எடுத்தால் கண்ணாடியில் பொட்டு. சாமிப் பொட்டைத் துடைக்க மனம் வரவில்லை. வெளிச்சம் மங்கலாகச் சிவந்து விழுந்தது. அதைப் பலகைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினேன். எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரிந்தன, ஏனென்றால் ஒன்றும் தெரியவில்லை. மச்சான் வெளியே ஹோர்ன் அடித்தான். மூடி முடித்து, பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன்.

ரேஞ்ச் அஜக்ஸைத் தாண்டி வடக்கே, சோளக்காட்டுக்கு நடுவில். அன்று முதலில் மச்சான் சுட்டான். பெட்டியின் நடு வரிசையிலிருந்து பத்து ரவை போட்டு, சாவேரிக்கு மிருதங்கம் வாசிக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சுட, ஐந்து நல்லாகவே போனது. ஆறாவது, வெடிக்கவில்லை. 'புஸ்' என்றது. அவ்வளவுதான். மச்சானுக்கு எரிச்சல். துவக்கின் மேல்பகுதியைப் பட்டென்று பின்னுக்கு இழுத்து, அடுத்த ரவையை ஏற்றி, திரும்பக் குறி வைத்தான். நான் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தரம் பார்க்கிறவன்!

பின்னால் நின்ற ரேஞ்ச் அதிகாரி, ஒரு வயதான வெள்ளைக்காரர், 'ஸ்ரொப்' என்று கத்தின கத்தில் முழு இடமும் நின்றது. அவர் வந்து மச்சானின் விரலைத் தூக்கி எடுத்தார். அப்படித்தான் சொல்லவேண்டும், விசையில் கிடந்த விரலை ஒரு குழந்தையின் விரலைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார். ஏறியிருந்த ரவையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, இதைத் தனியாக வைத்திரு என்றார். பிறகு குழாய்க்குள் கம்பியை விட்டுத் தட்டினார். நடுவழியில் இறுகிக்கிடந்த சன்னம் மறுபக்கத்தால் விழுந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் அதற்கு வெளியே போக வழி இல்லை; குழாய் உன்ரை கைக்குள்ளேயே பிளந்திருக்கும் என்று அவர் மச்சானுக்கு விளங்கப்படுத்தினார். மச்சான் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான். ரேஞ்ச் முழுக்க எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துவக்குக்குள் எரியாத மருந்து ஒரு துகள் கூட இல்லை, ஈரப்பட்டிருந்தால் கட்டிகட்டியாக ஒட்டியிருக்கும், இதில் நீ மருந்தே போடவில்லை என்றார். வெளிச்சம் அடித்துப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். மிச்சத்தைச் சுடாதே, ஒவ்வொன்றாக உடைத்துப் பார் என்று சொல்லி, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்.

நாலு நூற்றியொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. கதையை மச்சான்தான் தொடங்கினான்.

"அக்கா தெளிச்ச மஞ்சத்தண்ணிதான் அத்தான். வேறை என்ன?"

"ஓம், ஓம். ஈரம் போயிருக்கும்," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த ஓம். விண்ணப்பத்தில் நாலு பக்கம் எழுதியபோது ஒவ்வொரு வரியையும் வெட்டி வெட்டித்தான் எழுதினேன். இதில் வெட்ட ஒன்றும் இருக்கவில்லை.

அவளிடம் சொல்வதில்லை என்று இருந்தோம். ஆனால் மச்சானுக்கு வாயில் பூட்டு இல்லை; வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் எல்லாம் கொட்டிவிட்டான். அவள் அவனுடைய கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தாள். எனக்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. தன்னைவிட எட்டு வயது குறைந்த தம்பியிடம் அவள் மன்னிப்புக் கேட்டாள்.

"என்ரை கையாலை தெளிச்சனான் தம்பி," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நான் சப்பாத்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அந்த லேஸில் அவ்வளவு முடிச்சு இருக்கவில்லை.

அந்தக் கிழமை அவள் விளக்கேற்றவில்லை. செம்பைக் கழுவி, சிங்குக்குக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டாள். கோயிலில் தம்பியின் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, ஐயரிடமும் நடந்ததைச் சொன்னாளாம். கதை குடும்ப வாட்ஸ்அப்பில் ஏறியது. துவக்குக்குத் தண்ணி வார்த்த கதை என்று மார்க்கத்து அன்ரி ஒருவர் எழுத, பத்துப் பேர் பல்லைக் காட்டினார்கள். அகதியாக வந்து மாடி வீடு கட்டிய எங்கள் சனத்துக்கு, ஒரு பொம்பிளையின் பக்தியைப்போலச் சிரிக்க வேறு ஒன்றும் கிடைக்காது. நானும் ஒரு சிரிப்புப் படம் போட்டேன். ஓம், நானும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே போய் மிச்ச ரவைகளை உடைக்கத் தொடங்கினேன். சுத்தியல் மாதிரி ஒரு சாமான். ரவையை அதன் தலைக்குள் வைத்து நிலத்தில் ஓங்கிக் குத்தினால், சன்னமும் மருந்தும் கழன்று வரும். நாற்பத்திமூன்று ரவை. ஒவ்வொன்றின் மருந்தும் மணல் மாதிரிக் காய்ந்து, தராசில் சரியான நிறை. ஒரு துளி ஈரம் இல்லை. கடைசியில், மச்சானின் துவக்கிலிருந்து கழற்றி என் உள்ளங்கையில் வைத்த அந்த ஒன்று. குத்தினேன். கொட்டினேன். தராசு மற்றதற்கெல்லாம் காட்டியதன் இரு மடங்கைக் காட்டியது.

வெறுங்கோது அது இல்லை, பக்கத்து ஓட்டையில் இருந்தது; கைகூப்ப எழும்பின அவசரத்தில் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். விடியக் காலை நான் தெரிந்தெடுத்துப் போட்டது, ஏற்கெனவே போட்டதற்கு மேலே. அடைத்த குழாய்க்குப் பின்னால், இரண்டு பங்கு மருந்து. அந்தத் துவக்கின் விசையில்தான் அவன் விரல் கிடந்தது. ஃபிறீசரில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மருந்தைப் புல்லுக்கு உரப் பசளையாகக் கொட்டலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது. கொட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால், தராசுத் தட்டோடு எழும்பினேன், பின்கதவுப் பக்கம் இரண்டு அடியும் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அவள் தேத்தண்ணியோடு இறங்கி வந்தாள். குத்துகிற சத்தம் நின்றதால் பார்க்க வந்திருக்கிறாள்.

"உது என்ன, உதுக்கு மட்டும் ரெண்டு மடங்கு கிடக்கு?"

சொன்னேன். கையில் வைத்திருந்த கோது, விடியக் காலை, ரோர்ச், எல்லாம். அவள் காய்ந்த மருந்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப தண்ணியாலை இல்லை."

"இல்லை."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"ரேஞ்சிலையே சொன்னவர்."

அவள் தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். மச்சானின் நம்பரை அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, போனைப் பிரெஸ்ஸில் சாய்த்து வைத்தாள். சொல்லுங்கோ என்றுகூடச் சொல்லவில்லை. நான் சொன்னேன். பின்னால் யாரோ பிள்ளை தப்பும் தவறுமாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது. அத்தான், அக்காவை ஏன் அழவிட்டனீங்கள் என்று மட்டும் மச்சான் கேட்டான். விரலைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

அவன் விரலில் கீறல் விழவில்லை. ஆனால் அவள் கதைக்கவில்லை. சாப்பாடு வந்தது, உடுப்புத் தோய்ந்து வந்தது, சொல் மட்டும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் உண்மையை நானே எழுதிப் போட்டேன். அதற்கு ஒருவரும் பல்லைக் காட்டவில்லை, பார்த்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. பனிக்காலம் போய் வந்தது கோடை. ஒரு வருசத்துக்குக் கிட்ட எங்கள் வீட்டில் என்னோடு கதைத்தது மைக்ரோவேவ்தான்.

அடுத்த ஆயுத பூசைக்கு, சிங்குக்குக் கீழே கிடந்த செம்பு வெளியே வந்தது. மேசையைத் துடைத்து, பலகையை வெறுமையாகக் கவிழ்த்து, நான் ஒரு மூலையில் நின்றேன். மச்சான் மணியோடு. அவள் பிரெஸ்ஸுக்குப் பொட்டு வைத்தாள், தராசுக்கு வைத்தாள். ரோர்ச்சுக்குப் பிடியில் வைத்தாள், கண்ணாடியில் இல்லை. பிறகு வெற்றிலையை விட்டுவிட்டு, செம்புக்குள் கையை விட்டு, ஒரு கை நிறைய அள்ளி, என் முகத்திலேயே அடித்தாள்.

"உதுகள் எல்லாம் சரியாத்தான் வேலை செய்யுது," என்றாள். "பிழை விடுறது நீங்கள்."

பதினொரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் கதை அது. மஞ்சள்தண்ணி கண்ணுக்குள் போய் எரிந்தது. நான் துடைக்காமல் நின்றேன்.